அக்கா வீட்டுப் பத்திரம்

எருத்தேன்பதியில் வீடோ காடோ விற்க நினைப்பவர்கள் முதலில் பொங்கியண்ணனிடம் சொல்வார்கள். வாங்க நினைப்பவர்களும் அவரிடம்தான் சொல்வார்கள். இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிவிடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய தொழில்.

அதில் அவர் கெட்டிக்காரர். மலையாள நாட்டோடு சேர்ந்துவிட்ட அந்த எல்லைப் பக்கத்தில் பத்திரத்துக்கு ஆதாரம் என்று பேர். அது மலையாளத்தில் இருக்கும். விற்கிறவரும் வாங்குகிறவரும் பெரும்பாலும் மலையாளம் படிக்கத் தெரியாத குடியானவர்கள். பொங்கியண்ணன் இளவயதில் சித்தூர் பதிவு ஆபீஸ் வாசலில் சோடா விற்றபடியே அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டவர். வாங்குகிறவர் முன்னால் ஆதாரத்தை விரித்து, அவருக்கு எது பிடிக்குமோ அதைத் தமிழில் படிப்பார். விற்கிறவர் முன்னால் அதே காகிதத்தை விரித்து, இவருக்குப் பிடித்ததைப் படிப்பார். காகிதத்தை மட்டும் யார் கையிலும் தரமாட்டார்.

கேட்பவர்களும் கிடையாது. காகிதத்தைக் கொடு, நானே பார்க்கிறேன் என்றால் எதிர்த் தரப்பை நம்பவில்லை என்று ஆகிவிடும். மரியாதை தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அவர்கள் கேட்காததையே பொங்கியண்ணன் எதிர்த் தரப்பு வீட்டில் போய்ச் சொல்வார்: "காயிதத்தைக் கண்ணுல பாக்கோணும்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. அத்தனை நம்பிக்கை உங்க மேல." கேட்டவர்கள் உருகிப்போவார்கள். பதிவு நாளன்று இரண்டு தரப்பும் சித்தூரில் முதன்முதலாகச் சந்தித்து, இவ்வளவு நல்லவரா என்று ஒருவரையொருவர் வியந்து கும்பிட்டுக்கொள்வார்கள். கோடையில் கிணறு வற்றும் என்பதும், மேற்குச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது என்பதும் வாங்கியவருக்கு அடுத்த வருஷம்தான் தெரியவரும். அதற்குள் அவரும் ஊர்க்காரராகியிருப்பார். ஊர்க்காரர்கள் சண்டை போட்டுக்கொள்வதற்குத் தரகர் என்ன செய்ய முடியும்?

இப்படிப்பட்டவரால் ஒரே ஒரு வீட்டை விற்க முடியவில்லை. அது சொந்த அக்கா வீடு.

வள்ளியாத்தாளின் வீடு வேலந்தாவளம் போகிற சாலை ஓரத்தில் இருந்தது. நல்ல ஓட்டு வீடு. கணவர் போனபின் அவள் தனியாக இருந்தாள். மகன் பழனிச்சாமி பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. வீட்டை விற்றுவிடலாம் என்று அவள் சொன்னதும் பொங்கியண்ணன் தொழில்முறையில் ஒரு யோசனை சொன்னார்.

"ஆளு இருக்கற ஊடு சீக்கிரம் போவாதுக்கா. வாங்க வர்றவன் செவுத்தைப் பாக்கமாட்டான், உன்ற மூஞ்சியத்தான் பாப்பான். பூட்டீட்டு நம்மூட்டுல வந்து இரு. ஒரு மாசத்துல முடிச்சுத் தாரேன்."

அக்கா வந்து சேர்ந்தாள். அது ஐப்பசி. இப்போது மாசி பிறந்துவிட்டது.

அக்காவை அவள் வீட்டிலிருந்து கிளப்பியது, வாங்க வருகிறவர்கள் அவளைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அவர் ஆதாரம் படிப்பதைக் கேட்க உட்காருவது பொங்கியண்ணன் வீட்டுக் கிழக்கு அறையில்தான். அங்கேதான் அவருடைய மேசையும் காகிதங்களும் இருந்தன. அக்காவும் இப்போது அந்த வீட்டில்தான் இருந்தாள். இதை அவர் யோசிக்கவில்லை.

முதலில் வந்தவர் கோவிந்தாபுரத்துக்காரர். பொங்கியண்ணன் ஆதாரத்தை விரித்து, "வற்றாத நீர்வளமுள்ள கிணறும்" என்று ராகமாகப் படித்துக்கொண்டிருந்தபோது வள்ளியாத்தாள் மோர் கொண்டுவந்தாள்.

"எந்தக் கெணறுடா வத்தாதது?" என்றாள். "சித்திரையில நானு பக்கத்தூட்டு சரஸ்வதியம்மாகிட்டக் கொடம் தூக்கீட்டுப் போவேனே, அந்தக் கெணறா?"

கோவிந்தாபுரத்துக்காரர் மோரைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் தோட்டத்து மூலையில் வேம்படியில் இருக்கும் கற்கள் என்ன என்று கேட்டார். "துணி தொவைக்கற கல்லுங்க" என்றார் பொங்கியண்ணன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "கன்னிமாரு சாமிங்க. ஏழு பேரு. தொவைச்சுப்போடுவாங்க, ஜாக்கிரதை." அவரும் போனார். அதற்கப்புறம் வந்தவர்களுக்கும் இதே கதிதான்.

மனைவி முத்தாத்தாள் இதையெல்லாம் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, இனி இந்த அடுப்படி தன்னுடையது என்று அவள் நிம்மதியாக இருந்த சமயத்தில் அவள் நங்கை என்று கூப்பிடும் நாத்தனார் வந்திறங்கியிருந்தாள். ரசத்தில் புளி அதிகம் என்றாள். பாலைச் சீக்கிரம் இறக்குகிறாய் என்றாள். முத்தாத்தாள் வைத்த இடத்தில் இருந்த உப்புச் சாடி தினம் ஒரு இடத்துக்குப் பயணம் போயிற்று.

ஒரு நாள் காலையில் முத்தாத்தாள் கரண்டியோடு கிழக்கு அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒண்ணு அடுப்பு ரெண்டாகோணும். இல்லாட்டி நானு வண்ணாமடைக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். பங்குனிப் பொங்கலுக்குள்ள சொல்லிப்போடுங்க."

"சித்தெ பொறு. ஊடு வித்ததும் அக்கா பீர்மேட்டுக்குப் போயிருவா."

"ஊரு ஊட்டையெல்லாம் விக்கறீங்க. உங்கக்கா ஊடு மட்டும் விக்காது. ஊருல கேக்கறாங்க, பொங்கியண்ணனுக்கு வயசாயிருச்சான்னு."

வண்ணாமடை மச்சான் வாய் கொஞ்சம் நீளம். முத்தாத்தாள் பெட்டியோடு அங்கே போய் இறங்கினால் அந்த வட்டாரத்தில் யாரிடமும் தலை நிமிர்ந்து பேச முடியாது. தலை நிமிர்ந்து பேச முடியாதவர் தரகு பேச முடியாது. பொங்கியண்ணன் அன்று மத்தியானம் சாப்பிடாமல் அக்காவிடம் போய் உட்கார்ந்தார்.

"அக்கா, ஊடு விக்கோணுமா வேண்டாமா?"

"விக்கோணும்."

"அப்ப நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

"நீ பொய் பேசாம இரு. நானு வாயத் தொறக்க மாட்டேன்."

"தொழிலுக்கா இது. ரெண்டு பக்கமும் அனுசரிச்சுத்தான் போகோணும்."

வள்ளியாத்தாள் துவரையைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்: "இங்க பாரு. வாங்கறவங்ககிட்ட என்னென்ன சொல்றியோ அதெல்லாம் தமிழ்ல எழுது. எனக்கு ஒண்ணு, அவிகளுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் உன்ற முன்னால ஒக்காந்து படிக்கறோம். அப்புறம் ஆதாரம் எழுதறப்ப அதையும் முழுசா தமிழ்ல வாசிச்சுக் காட்டோணும். ஒரு வரி உடாம. அதையும் எழுதிக்க."

"விக்கறவங்களும் வாங்கறவங்களும் நேர்ல ஒக்காந்து படிச்சா அப்புறம் தரகன் எதுக்குக்கா?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

வேறு வழி இல்லை. அந்த வாரம் முதலமடையிலிருந்து அமிர்தநாதன் என்று ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். மாந்தோப்புகளைக் குத்தகைக்குப் பிடித்துக் கோயமுத்தூருக்கு லாரியில் அனுப்புகிறவர். எல்லைப் பக்கம் சாலையோரம் ஒரு வீடு இருந்தால் தோது என்று தேடிக்கொண்டிருந்தார். பொங்கியண்ணன் காகிதமும் பேனாவும் எடுத்துவந்தார்.

"மொதல்ல உனக்கு எழுதறேன். அப்புறம் அவருக்கு எழுதறேன்."

"ரெண்டு தடவை எழுதினா ரெண்டு ஊடு ஆயிரும். பால் சொசைட்டியில நடுவுல நீலக் காயிதம் வெச்சு எழுதறாங்கல்ல, அது வாங்கீட்டு வா."

கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ் பிடித்துப் போய்க் கார்பன் தாள் வாங்கிவந்தார். அக்கா சொல்லச் சொல்ல எழுதினார். வீட்டின் அளவு, ஓடு மாற்றிய வருஷம், வீட்டு வரியான கரம் கட்டிய ரசீது, கடன் எதுவும் இல்லை என்பதற்குப் பதிவு ஆபீஸில் வாங்கிய சான்று. இதுவரை சுகமாக இருந்தது.

"கெணத்துல சித்திரை வைகாசியில தண்ணி இருக்காது. எழுது."

"குறைவாக இருக்கும்னு எழுதறேன்."

"இருக்காதுன்னு எழுது."

எழுதினார். மேற்குச் சுவர் சரஸ்வதியம்மாளுடையது என்று எழுதினார். வேம்படியில் இருப்பது கன்னிமார் என்றும், வருஷத்துக்கு ஒரு முறை வள்ளியாத்தாள் வந்து பொங்கல் வைப்பாள் என்றும் எழுதினார். எழுதும்போது கை தானாகவே அந்த வரிகளைப் பூப்போலத் தொட்டுக்கொண்டு போயிற்று. முடித்ததும் மேல் தாளை அக்காவிடம் நீட்டிவிட்டு அடித் தாளை மடிக்கப் போனார்.

"அதையும் குடு."

வள்ளியாத்தாள் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் அருகருகே பிடித்தாள். அடித் தாளில் ஓடு பளிச்சென்று இருந்தது. கரம் கட்டிய ரசீது பளிச்சென்று இருந்தது. கிணறு இருக்க வேண்டிய இடத்தில் லேசாக நீலப் புகை படிந்திருந்தது. கன்னிமார் இருக்கவே இல்லை.

"ஏண்டா பொங்கியா, நல்லதெல்லாம் அடி வரைக்கும் எறங்கியிருக்குது. கெட்டது மட்டும் மேலயே நின்னுருச்சே?"

"கார்பன் பழசுக்கா. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்."

"இன்னொருக்கா எழுது. ஏர் ஓட்டற மாதிரி அழுத்தி எழுது. நானு இங்கயே ஒக்காந்திருக்கறேன்."

மறுபடி எழுதினார். இம்முறை கன்னிமார் எழுவரும் மேசைப் பலகையிலேயே பதிந்துவிட்டார்கள்.

அமிர்தநாதன் ஸ்கூட்டரில் வந்தார். நாற்பது வயதிருக்கும். கிழக்கு அறையில் எதிரெதிரே அவரும் வள்ளியாத்தாளும், நடுவில் பொங்கியண்ணன். இத்தனை வருஷத் தொழிலில் விற்கிறவரையும் வாங்குகிறவரையும் ஒரே அறையில், பதிவுக்கு முன்னால், அவர் பார்த்ததில்லை. கண்கூசுவது போல இருந்தது. அமிர்தநாதன் அடித் தாளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து படித்தார். பொங்கியண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அமிர்தநாதன் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க சிரிக்கறீங்க?" என்றாள் வள்ளியாத்தாள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. ஒரு வருஷமா ஊடு பாத்துட்டு இருக்கறேன். வத்தாத கெணறாக் காட்டிக் காட்டி எனக்குச் சலிச்சுப்போச்சுங்க. முதலமடையில எங்கூட்டுக் கெணறே வத்துது, எருத்தேன்பதியில மட்டும் எப்படி வத்தாதுன்னு கேட்டா, தரகருங்க எம்மேல கோவிச்சுக்கறாங்க. வத்தற கெணத்தை இப்பத்தான் மொதல்ல காட்டறீங்க. சித்திரை வைகாசின்னு மாசத்தோட எழுதியிருக்கறீங்க. ஒரு ஆழ்குழாய் போட்டுக்கலாமுங்க."

"கன்னிமாரு?" பொங்கியண்ணனால் அடக்க முடியவில்லை. எப்படியும் வெடிக்கப் போகிறது, இப்போதே வெடிக்கட்டும்.

"நாங்க மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்கதான். ஆனா அண்ணா, கன்னிமாரு கல்லை நகத்தற தைரியம் எங்கப்பனுக்கும் கெடையாது, எங்க சாமியாருக்கும் கெடையாதுங்க. அம்மா வந்து பொங்கல் வெச்சா எங்க புள்ளைகளுக்கும் சித்தெ குடுங்க."

"வெல்லம் எச்சாப் போட்டு வெக்கறேன்" என்றாள் வள்ளியாத்தாள்.

பிறகு இருவரும் விலை பேசினார்கள். பொங்கியண்ணன் வழக்கமாக இதற்கு இரண்டு மாதம் எடுத்துக்கொள்வார். இவரிடம் ஒரு தொகை, அவரிடம் ஒரு தொகை, நடுவில் நாலு தடவை கோபித்துக்கொண்டு எழுந்துபோவது, கடைசியில் மனமில்லாமல் இறங்கிவருவது என்று அதற்கு ஒரு முறை இருந்தது. இவர்களோ கிணற்றுக்காகக் கொஞ்சம் குறைத்து, ஓட்டுக்காகக் கொஞ்சம் ஏற்றி, வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் முடித்துவிட்டார்கள். நடுவில் ஒரு தடவை அமிர்தநாதன், "அண்ணா, சித்தெ அக்கட்ட நவுருங்க, அம்மா பேசறது கேக்கல" என்றார். பொங்கியண்ணன் நகர்ந்து உட்கார்ந்தார்.

அன்று மாலை அவர் முத்தாத்தாளிடம் மட்டும் தொழில்காரராகத் தலை நிமிர்ந்து பேசினார்.

"முடிச்சாச்சு. ஒரே ஒக்காருல."

"நங்கை என்ன சொல்றாங்க?"

"என்ன சொல்றது? துணி மூட்டையக் கட்டோணும். பீர்மேட்டுல குளுரு எச்சு, ஒரு கம்பிளி வாங்கிக் குடுத்தரலாம்."

முத்தாத்தாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவள் சண்டை போடாததைப் பொங்கியண்ணன் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

பங்குனி பிறந்ததும் பதிவுக்குச் சித்தூர் போனார்கள். அவசரநிலை வந்ததிலிருந்து ஆபீஸ்கள் பத்து மணிக்கே திறந்துகொண்டன. அதற்குமுன் எல்லாருக்கும் காத்திருக்கும் சுகம் இருந்தது. பொங்கியண்ணனுக்கு அந்த நேரத்தில்தான் கடைசி நிமிஷக் கோளாறுகளைச் சரிக்கட்ட வாய்க்கும். இப்போது அதுவும் இல்லை.

ஆதாரம் எழுதுகிறவர் ஆபீஸுக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார். மலையாளி. இந்தப் பக்கத்துக்காரர்களிடம் பேசிப் பேசித் தமிழும் மலையாளமும் கலந்த ஒரு பேச்சு அவருக்கு இருந்தது. முத்திரைத் தாளை நீவிக்கொண்டு, விற்கிறவர் பெயர், வயது, கணவர் பெயர் எல்லாம் கேட்டு எழுதினார்.

"இப்போ தாமசம் எவிடயா?" என்று குடியிருக்கும் இடத்தைக் கேட்டார்.

"பீர்மேடு" என்றார் பொங்கியண்ணன். தரப்புக்காரர்களைக் கேட்கிற கேள்விக்குத் தான் பதில் சொல்வது அவருக்குப் பழக்கம்.

"பீர்மேட்டுல எவ இருக்கறா?" என்றாள் வள்ளியாத்தாள். "எருத்தேன்பதின்னு போடுங்க. தம்பி பொங்கியண்ணன் ஊடு."

"அது இப்பத்திக்குத்தானேக்கா? ஆதாரத்துல போடறது நெலையா இருக்கற எடத்தையாக்கும்."

"நெலையாத்தான் சொல்றேன்."

ஆதாரம் எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"பழனிச்சாமி?" என்றார் பொங்கியண்ணன்.

"அவனுக்கு எஸ்டேட்டுல குடுத்திருக்கறது ஒத்த ரூம்பு. அதுல அவன், அவம் பொண்டாட்டி, ரெண்டு புள்ளைக. நானு போயி எங்க படுக்கறது, அடுப்பு மேலயா? வெளிய கால் வெச்சா அட்டை கடிக்குது. போன வருஷமே போயிப் பாத்துட்டு வந்துட்டேன்."

"நீ பீர்மேட்டுக்குப் போறதாத்தானே..."

"நானு எப்பச் சொன்னேன்? ஊட்டை விக்கோணும்னு சொன்னேன். தனியா இருக்கப் பயமா இருக்குதுன்னு சொன்னேன். பீர்மேடுன்னு நீதான் சொல்லீட்டே இருந்தே. எங்க போறேன்னு ஒரு நாளாச்சும் எங்கிட்டக் கேட்டியா?"

பொங்கியண்ணன் நினைத்துப் பார்த்தார். கேட்கவில்லைதான். முத்தாத்தாளிடம் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார், வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார், ஒன்றையும் அவர் நம்பியதில்லை. இதை மட்டும் எப்படியோ நம்பியிருக்கிறார்.

ஆதாரம் எழுதுகிறவர் எழுதிக்கொண்டே போனார். முடித்து, மை காய ஊதி, பொங்கியண்ணனிடம் நீட்டினார். ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது பேச்சு. பொங்கியண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தேதி வந்தது. அக்கா பெயர் வந்தது. வயது வந்தது. அடுத்து அந்த வரி வந்தது. அவருடைய கண், பல வருஷப் பழக்கத்தில், அதைத் தாண்டி வீட்டின் நாலு எல்லைக்குப் போய் நின்றது.

"கெழக்க ரோடு, மேற்க..."

"அண்ணா," என்றார் அமிர்தநாதன். அவர் பின்னால் நின்று தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வரி உட்டுட்டீங்க."

"உங்களுக்கு மலையாளம் படிக்க வருமா?"

"பள்ளிக்கூடத்துல அதுதானுங்களே. நீங்க ஒரு தடவையும் கேக்கலீங்க."

பொங்கியண்ணன் விட்ட வரிக்குத் திரும்பினார். "எருத்தேன்பதியில், சகோதரன் பொங்கியண்ணனுடைய வீட்டில், நிலையாகத் தாமசிக்கும், வள்ளியாத்தாள்" என்று படித்தார். கடையிலிருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் இந்தக் காலத்தில் அக்காவை வைத்துக் காப்பாற்றுகிற தம்பியைப் பார்ப்பது அபூர்வம் என்றார்.

பதிவு ஆபீஸுக்குள் போனார்கள். விற்கிறவர் இன்னார்தான், இன்ன இடத்தில் இருக்கிறவர்தான், எனக்கு நேரில் தெரியும் என்று ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாரும் பொங்கியண்ணனைப் பார்த்தார்கள். அவர் போட்டார்.

அமிர்தநாதன் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஸ்கூட்டரில் போனார். பொங்கியண்ணனும் அக்காவும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள். நல்ல வெயில். அவர் மனதில் வண்ணாமடை மச்சான் வாசலில் ஒரு தகரப் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. முத்தாத்தாளிடம் எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது, எதைச் சொல்லாமலே விடுவது என்று அடுக்கிப் பார்த்தார். எப்படி அடுக்கினாலும் கடைசியில் அக்கா மிஞ்சினாள்.

"அக்கா, ஊட்டுக்குப் போனதும் நீ ஒண்ணும் பேசாத. முத்தாத்தாகிட்ட நானு பதமா எடுத்துச் சொல்றேன்."

"அவகிட்டச் சொல்லியாச்சு."

"எப்ப?"

"பத்து நாளாச்சு. ரெண்டு பேரும் அடுப்படியில ஒக்காந்து பேசி முடிச்சுட்டோம். அவளுக்குத் தனி அடுப்பு வேணுமாமா. நியாயந்தானே? எனக்கும் அவ வெக்கற ரசம் ஒத்துக்கறதில்ல. கெழக்கு ரூம்புல நானு அடுப்புப் போட்டுக்கறேன். எங்காசுல அவளுக்கு ஒரு கறவை மாடு வாங்கிக் குடுக்கறேன். பாலு அவளுது, தயிரு ரெண்டு பேருக்கும்."

"கெழக்கு ரூம்புலயா? அங்க என்ற மேசை இருக்குது, காயிதமெல்லாம் இருக்குது!"

"பரண் மேல ஏத்தியாச்சு. நாம காலையில கெளம்புனதும் அவ ஆளை வெச்சு ஏத்தியிருப்பா. மண்ணடுப்புக் காய ரெண்டு நாளாகும்."

"எங்கிட்ட ரெண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சொன்னா நீ நடுவுல வருவே. அவகிட்ட ஒண்ணு சொல்லுவே, எங்கிட்ட ஒண்ணு சொல்லுவே. மாசக்கணக்கா இழுக்கும்."

பஸ் வந்தது. கூட்டம் அதிகமில்லை. வள்ளியாத்தாள் முன்னால் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள். கண்டக்டர் வந்து எங்கே போக வேண்டும் என்று பொங்கியண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்:

"எருத்தேன்பதி. ரெண்டு பேரு."